நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துத் தாளைச் சர்வதேச வடிவமைப்பு விருதுக்கு அனுப்பலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் கொடுக்கும் மருந்துத் தாளை நீங்களும் உங்கள் மருத்துவமனை செவிலியர்கள் சிலரும் சேர்ந்து தமிழில் புதிதாகச் செய்திருக்கிறீர்கள். ஏ4 தாள், கறுப்பு வெள்ளை, காலை, மதியம், இரவு என்று தனித்தனிக் கட்டங்கள், மேலே சூரியன், நிலாப் படங்கள். தகவலை எளிதாகப் படித்துப் புரிந்துகொள்ளும்படி அமைக்கும் வேலைக்கு, அதாவது தகவல் வடிவமைப்புக்கென்றே சர்வதேச விருதுகள் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் கட்டி அனுப்புவது வீண் செலவா, வண்ணமயமான வேலைகளுக்கு நடுவே இதை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது உங்கள் தயக்கம். இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: இந்தத் தாள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? நடுவர்களுக்கா, மாத்திரை சாப்பிடப்போகிறவருக்கா?

படிவங்கள், ரசீதுகள், மருத்துவமனைக்குள் வழிகாட்டும் பலகைகள், இவற்றைச் சரிசெய்வதுதான் பல வருடமாக என் தொழில். சில போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் மருத்துவம் படித்தவன் இல்லை. கீழே மருந்துகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் தாளின் அமைப்பு சம்பந்தப்பட்டது மட்டுமே, அளவு, வேளை விஷயத்தில் உங்கள் மருத்துவரும் மருந்தாளுநரும் சொல்வதுதான் கணக்கு.

இந்தத் துறையில் இருக்கும் விருதுகள் எல்லாமே ஒரே பொருளைத் தேடுவதில்லை. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் நவார்ரா பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 1993-இல் தொடங்கிய மலோஃபியே விருதுகள் பத்திரிகை இன்ஃபோகிராஃபிக் வேலைகளுக்கானவை, அதாவது செய்தியைப் படமும் வரைபடமுமாகச் சொல்பவை. அர்ஜென்டினாவின் வரைபடக் கலைஞர் அலெஹாந்த்ரோ மலோஃபியேவின் பெயரில் வந்தவை அவை, பத்திரிகைக்காரர்கள் இன்ஃபோகிராஃபிக் உலகத்தின் புலிட்சர் (அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய பரிசு) என்பார்கள். 2012-இல் டேவிட் மக்கண்ட்லெஸ் தொடங்கிய ‘இன்ஃபர்மேஷன் இஸ் பியூட்டிஃபுல்’ விருதுகள் தரவுகளைக் காட்சியாக்கும் வேலைகளுக்கு. அங்கே 2015-இல் பரிசு வாங்கிய ‘டியர் டேட்டா’ என்பது ஜார்ஜியா லூப்பி, ஸ்டெஃபனி போசாவெக் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ஒரு வருடம் வாராவாரம் அனுப்பிக்கொண்ட கையால் வரைந்த தபால் அட்டைகள். அந்த வாரம் எத்தனை முறை கடிகாரம் பார்த்தேன், எத்தனை முறை குறைபட்டுக்கொண்டேன் என்ற மாதிரி அன்றாடக் கணக்குகளை வரைந்திருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் அந்த அட்டையை ஒருவர் தப்பாகப் படித்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. உங்கள் தாளைத் தப்பாகப் படித்தால் ஆகும். எனவே உங்களுடைய வேலைக்கு இடம் வியன்னாவில் இருக்கும் சர்வதேசத் தகவல் வடிவமைப்பு நிறுவனம், அதாவது ஐ.ஐ.ஐ.டி., 2011-இல் ஆரம்பித்த விருதுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் வருவது. அதில் உடல்நலத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு, பொதுப் போக்குவரத்து, வழிகாட்டிப் பலகை, கற்பித்தல் போன்ற பிரிவுகளும் உண்டு. வேலை பார்க்க எப்படி இருக்கிறது என்பதோடு எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது, தீர்த்ததா என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்கிற விருது.

கறுப்பு வெள்ளை என்று நீங்கள் கூச்சப்படவே வேண்டாம். 2013-இல் லண்டன் டிசைன் மியூசியம் ‘வருடத்தின் சிறந்த வடிவமைப்பு’ என்று தேர்ந்தெடுத்தது பிரிட்டன் அரசின் கவ்.யூகே இணையதளத்தை. வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, படம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு சாலை வரி கட்டவோ பாஸ்போர்ட் புதுப்பிக்கவோ வந்தவர் வேலையை முடித்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். சிதறிக் கிடந்த அரசுத் தளங்களை ஒன்றாக்கியதும், தேவையில்லாத பக்கங்களைத் துணிந்து தூக்கியதும்தான் அதன் வடிவமைப்பு. அந்த நடுவர்கள் அதைப் புரிந்துகொண்டு பரிசு கொடுத்தது எங்கள் தொழிலில் பலருக்குப் பெரிய தெம்பு.

ஆனால் நடுவர்களால் எவ்வளவு பார்க்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவர் குழுவில் இருப்பவர்கள் அனுபவசாலிகள்தான். எழுத்தின் அளவு, இடைவெளி, எது முதலில் கண்ணில் படுகிறது, எது புதைந்து கிடக்கிறது, கட்டங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதையெல்லாம் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். ஒரு வேலைக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும், நல்ல வெளிச்சத்தில், பதற்றமில்லாமல், இதை மதிப்பிட வேண்டும் என்ற எண்ணத்தோடே பார்ப்பார்கள். உங்கள் நோயாளி அப்படியா பார்க்கிறார்? அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு நாள் தூக்கமில்லாமல், ஆட்டோ வெளியே நிற்க, பில் கட்டின மகனிடம் ரசீதையும் மாத்திரைப் பையையும் கொடுத்துவிட்டு, கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே பார்க்கிறார். இந்த இடைவெளியை எந்த நடுவராலும் கற்பனையால் நிரப்ப முடியாது.

துறைக்குள் இருப்பவர்கள் ரசித்ததை வெளியே இருப்பவர்கள் தலைகீழாகப் படித்த ஒரு நிஜச் சம்பவம் உண்டு. 2011-இல் ஹாங்காங்கின் சவுத் சைனா மார்னிங் போஸ்ட்டில் சைமன் ஸ்கார் ஒரு வரைபடம் போட்டார். இராக்கில் நடந்த சாவுகளின் எண்ணிக்கையைக் காட்டும் கம்பங்கள் மேலிருந்து கீழே தொங்கும், சிவப்பு நிறத்தில், ரத்தம் வழிவது போல. துறையில் எல்லோரும் மெச்சிய வேலை, அதில் குழப்பமும் குறைவு. அதன் தாக்கத்தில் 2014-இல் ராய்ட்டர்ஸுக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் துப்பாக்கிக் கொலைகளைப் பற்றி ஒரு வரைபடம் வந்தது. அதிலும் எண்களைக் குறிக்கும் செங்குத்துக் கோடு (அச்சு) தலைகீழ்: பூஜ்யம் மேலே, பெரிய எண் கீழே. ஆனால் அங்கே கம்பங்களுக்குப் பதில் ஒரு கோடும், அதற்கு மேல் நிரப்பிய சிவப்பும். 2005-இல் தற்காப்புக்காகச் சுடுவதை எளிதாக்கிய சட்டம் வந்த புள்ளியையும் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு கொலைகள் கூடின. கோடோ சடாரென்று கீழே இறங்கியது. பார்த்தவர்களில் ஏராளமானவர்கள், சட்டம் வந்ததும் கொலை குறைந்துவிட்டது என்று படித்தார்கள். கீழே வெள்ளையாக இருந்த பகுதியை ஒரு மலை மாதிரி பார்த்துவிட்டார்கள். போட்டவருக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது, எண்களும் சரி. அச்சடிக்கும் முன் வெளி ஆட்கள் ஐந்தாறு பேரிடம் காட்டி, சட்டம் வந்த பிறகு கூடியதா குறைந்ததா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் வந்த கிளியர்ஆர்எக்ஸ் மருந்துப் புட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், விருதுகளைப் பற்றி நல்லதும் கெட்டதும் இந்த ஒரு கதையிலேயே இருக்கிறது. டெபோரா ஆட்லர் நியூயார்க்கில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பாட்டி ஹெலன் தாத்தா ஹெர்மனின் மருந்தைத் தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, அளவு மட்டும் வேறு. இரண்டும் ஒரே மாதிரியான உருண்டைப் புட்டி, லேபிளில் கடையின் பெயரும் சின்னமும் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயரைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஆட்லர் இதையே தன் படிப்பின் இறுதித் திட்டமாக எடுத்துக்கொண்டார். 2005-இல் டார்கெட் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூடி கீழே, அடிப்பக்கம் மேலே, முன்னும் பின்னும் தட்டை. தட்டையாக இருப்பதால் லேபிளைப் படிக்கப் புட்டியைச் சுழற்ற வேண்டியதில்லை. மருந்தின் பெயரும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் மேலே பெரிதாக, நடுவில் ஒரு கோடு, மருத்துவர் பெயர், தேதி மாதிரி விவரமெல்லாம் கோட்டுக்குக் கீழே சின்னதாக. உச்சியிலும் மருந்தின் பெயர், இழுப்பறையைத் திறந்து மேலிருந்து பார்த்தாலே தெரியும். கழுத்தில் ஒரு வண்ண வளையம், வீட்டில் ஆளுக்கு ஒரு நிறம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதே வருடம் காட்சிக்கு வைத்தது. 2010-இல் அமெரிக்கத் தொழில்துறை வடிவமைப்பாளர் சங்கம் நடத்தும் சர்வதேசப் போட்டியில், பத்தாண்டின் சிறந்த வடிவமைப்பு என்று கௌரவித்தார்கள்.

சரி, அதனால் நோயாளிகளுக்கு என்ன நடந்தது? 2009-இல் வந்த ஒரு ஆய்வு, நாள்பட்ட நோய்களுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களை எடுத்து, புதுப் புட்டி வந்த பிறகு அவர்கள் மருந்தை விடாமல் வாங்கிச் சாப்பிடுவது கூடியிருக்கிறதா என்று பார்த்தது. குறிப்பிடும்படி ஒன்றும் கூடவில்லை. இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, விருதெல்லாம் வெறும் பேச்சு என்று சொல்பவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. ஆட்லர் தீர்க்க நினைத்தது ஒருவர் மருந்தை இன்னொருவர் சாப்பிடும் குழப்பத்தை, அந்த ஆய்வு அளந்தது தொடர்ந்து சாப்பிடும் பழக்கத்தை. ஒருவர் பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதற்குக் காசில்லாததும், உடம்பு சரியாகிவிட்டது என்ற நினைப்பும், பக்கவிளைவும் காரணமாக இருக்கலாம், லேபிள் அதற்கு என்ன செய்யும்? லேபிளைப் படிப்பது எளிதாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். உடல்நலம் எவ்வளவு மேம்பட்டது என்பது நிரூபணமாகாத விஷயம். இந்த இரண்டையும் கலக்காமல் பேசுவதுதான் நேர்மை, உங்கள் விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். உங்கள் தாளால் நோயாளிகள் சீக்கிரம் குணமாகிறார்கள் என்ற மாதிரி ஒரு வரி வேண்டவே வேண்டாம். விவரம் தெரிந்த நடுவருக்கு அந்த ஒரு வரியே சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

அந்தப் புட்டியின் கதை அதோடு முடியவில்லை. 2015-இல் டார்கெட்டின் மருந்துக் கடைகளை சி.வி.எஸ். என்ற மருந்துக் கடை நிறுவனம் வாங்கியது, அடுத்த வருடமே பழையபடி சாதாரண உருண்டைப் புட்டிகளுக்குத் திரும்பினார்கள். வாடிக்கையாளர்கள் சமூக வலைத்தளங்களில் ஏகத்துக்கும் வருத்தப்பட்டார்கள், கடிந்துகொண்டார்கள், ஆனால் புட்டி திரும்ப வரவில்லை. பிற்பாடு ஆட்லரையே கூப்பிட்டு, ஒருவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் வேளைவாரியாக ஒரே தாளில் காட்டும் அட்டவணை ஒன்றை சி.வி.எஸ். செய்தது, அது 2017. ஆக, இவ்வளவு பெரிய கௌரவம்கூட ஒரு வடிவமைப்பைக் காப்பாற்றித் தரவில்லை. உங்கள் தாளுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது, சாஃப்ட்வேர் மாறினால், நிர்வாகம் மாறினால், அச்சுச் செலவைக் குறைக்கச் சொன்னால் போய்விடும். அந்த இடத்தில் ஒரு விருதுச் சான்றிதழ் நிர்வாகத்திடம் பேச உதவும் என்பதை நான் மறுக்க மாட்டேன், நம்மூரில் வெளிநாட்டு முத்திரைக்கு இருக்கும் மதிப்பு தெரிந்ததுதானே. ஆனால் அதைவிட உதவுவது, பழைய தாளில் இத்தனை பேர் தப்பாகச் சொன்னார்கள், புதிய தாளில் இத்தனை பேர்தான் என்ற ஒரு பக்கக் கணக்கு.

அந்தக் கணக்கை எடுப்பது எப்படி? இதற்கு நன்றாகப் பழகிய ஒரு முறை இருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாளை நோயாளிகளிடம் காட்டிச் சோதித்த பிறகே அனுமதி என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் சட்டத்தைத் திருத்தியது. தொண்ணூறுகளில் ஆஸ்திரேலியாவில் டேவிட் ஸ்லெஸ் போன்ற தகவல் வடிவமைப்பு ஆய்வாளர்கள் உருவாக்கிய முறையை ஒட்டியது அது. வழக்கமாக ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர், இரண்டு சுற்று. ஒவ்வொரு கேள்விக்கும் 90 சதவீதம் பேர் பதில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தவர்களில் 90 சதவீதம் பேர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். முதல் சுற்றில் தடுக்கிய இடத்தைத் திருத்திவிட்டு இரண்டாவது சுற்று. இது புள்ளியியல் நிரூபணம் ஆகாது, இருபது பேரை வைத்துத் தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்று பேச முடியாது. எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்க இது தாராளமாகப் போதும்.

செய்யும்போது, “புரியுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் கேட்டால் எல்லோரும் “புரியுதுங்க” என்றுதான் தலையாட்டுவார்கள். தாளையும் உண்மையான மாத்திரை அட்டைகளையும் மேசைமேல் வையுங்கள். “இன்னைக்கு ராத்திரி சாப்பாடு ஆச்சு, இப்ப என்ன போடணும், எடுத்துக் காட்டுங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், கை எந்த அட்டைக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது மகளோ மருமகளோ பேத்தியோதான், அவர்களையும் உட்கார வையுங்கள். உங்கள் ஊழியர்களைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது.

நீங்கள் சொன்னதை வைத்து, மூன்று இடத்தில் தடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது சூரியன். காலைக்குப் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அடிவானத்தில் இருக்கும் பாதிச் சூரியன் உதிப்பதாகவும் இருக்கலாம், மறைவதாகவும் இருக்கலாம். படக்குறியீடுகளுக்கான அமெரிக்கத் தரநிலை ஒன்று 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதோடு நிற்காமல், நேர்மாறாகவோ ஆபத்தாகவோ புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது விதிதான் உங்களுக்கு முக்கியம். காலை மாத்திரையைச் சாயங்காலம் என்று எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று தனியாக எண்ணுங்கள், படத்தோடு ‘காலை’ என்ற சொல்லும் கட்டாயம் பெரிதாக இருக்கட்டும். இரண்டாவது, கட்டங்களுக்குள் மருத்துவர் எழுதும் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) அப்படியே இருக்கிறதா, இல்லை மாத்திரையின் எண்ணிக்கையாக மாறிவிட்டதா என்பது. ½ என்று எழுதியதை 1, 2 என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், ‘அரை’ என்று எழுத்தில் போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் கவலை தருவது. காலை, மதியம், இரவு என்று அட்டவணை போட்டாலே அது ‘தினமும்’ என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. எல்லா மருந்தும் தினசரி இல்லை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது. அதைத் தவறுதலாக தினமும் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் தாளில் அதை எங்கே எழுதுவார்கள்? இரவுக் கட்டத்தில் போட்டுவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் ‘வாரம் 1’ என்று எழுதுவார்கள், அந்தப் பொடி எழுத்து யார் கண்ணிலும் படாது. வாராந்திர மருந்துக்கு அட்டவணைக்கு வெளியே, கீழே தனிக் கட்டம், கிழமையின் பெயரோடு, ‘மற்ற நாளில் சாப்பிடக் கூடாது’ என்ற வரியோடு வேண்டும். வலி வந்தால் மட்டும் போடும் மாத்திரைக்கும் இதே மாதிரி தனி இடம். எந்த மருந்து எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை மருந்தாளுநரை வைத்து முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, அனுப்பலாம் என்பதுதான் என் பதில். கட்டணத்தை மருத்துவமனை தந்தால் யோசிக்கவே வேண்டாம், உங்கள் சொந்தக் காசு என்றால் அந்தப் பணத்தை முதலில் இரண்டு சுற்றுச் சோதனைக்குச் செலவழியுங்கள், மிச்சம் இருந்தால் விண்ணப்பம். அனுப்பும்போது நடுவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதை மனதில் வையுங்கள். தாளின் படம் ஒன்று, அதே தாள் ஆங்கில வார்த்தைகளோடு ஒன்று, பழைய தாள் ஒன்று, மூன்றையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1-0-1 என்று எழுதும் நம்மூர் வழக்கத்தை ஒரு பத்தியில் விளக்குங்கள். அது தெரியாமல் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதே அவர்களுக்குப் பிடிபடாது. வெள்ளைப் பின்னணியில் பளபளவென்று எடுத்த படத்தைவிட, மஞ்சப்பையில் மடித்து வைத்து ஒரு வாரம் புழங்கிய தாளின் படம் நல்லது, மடிப்பில் எழுத்து அழிகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். சோதனையில் எத்தனை பேர் தப்பாக எடுத்தார்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள், முதல் சுற்றில் தடுக்கிய இடத்தையும் அதற்காக மாற்றியதையும் காட்டினால் அந்தப் பக்கம்தான் விண்ணப்பத்திலேயே வலுவான பக்கமாக இருக்கும்.

ஒருவேளை சோதனை முடிவதற்குள் இந்த முறை கெடு தாண்டிவிட்டால் தாண்டட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். வாராந்திர மருந்துக்கான கட்டத்தை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். அப்புறம் முதல் சுற்று முடிந்ததும், நோயாளியின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, தாளின் படத்தை இங்கேயே போடுங்கள், கட்டம் கட்டமாகப் பார்த்துச் சொல்கிறேன்.